வளையம் தெரிந்தால் கோள் இருக்கிறதா? இளம் விண்மீன் வட்டுகளைக் கணினியில் கட்டுவது பற்றி வாசகர் கேள்வி – பதில்

பிறந்து சில லட்சம் ஆண்டுகளே ஆன விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டையான வட்டாகச் சுழன்றுகொண்டிருக்கும். கோள்கள் அதற்குள்ளிருந்துதான் உருவாகின்றன. இதை முன்கோள் வட்டு என்கிறோம். இந்த வட்டுகளைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் வேலையைப் பற்றிக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சுருள் சுருளாக வண்ணத்தில் காட்டும் வட்டுப் படங்கள் ஓவியர் வரைந்தவையா, கணக்குப் போட்டு எடுத்தவையா?

பதில்: இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. படத்துக்குக் கீழே ‘ஓவியரின் கற்பனை’ என்று இருந்தால் அது வரைந்தது. ‘சிமுலேஷன்’ என்று இருந்தால் அது கணக்கு.

கணக்கு நடக்கும் விதம் இதுதான். வட்டை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் வாயுவின் அடர்த்தி, வெப்பநிலை, ஆரத்திசை வேகம், சுற்றும் வேகம் என நான்கைந்து எண்களை வைக்கிறோம். பிறகு நிறை அழியாது, உந்தம் அழியாது, ஆற்றல் அழியாது என்ற மூன்று விதிகளின்படி, பக்கத்துக் கட்டத்திலிருந்து எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டு அந்த எண்களைக் கொஞ்ச நேரம் முன்னுக்கு நகர்த்துகிறோம். இதையே லட்சக்கணக்கான முறை திரும்பச் செய்ய வேண்டும். விண்மீனின் ஈர்ப்பும் கோளின் ஈர்ப்பும் வெளிவிசைகளாகச் சேரும். படத்தில் தெரியும் சுருளை யாரும் வரைந்து வைக்கவில்லை. கோள் வாயுவில் கிளப்பும் அலையை, உள்ளே வேகமாகவும் வெளியே மெதுவாகவும் ஓடும் வட்டு இழுத்து வளைக்கிறது. அதனால் வரும் வடிவம் அது.

வண்ணம் மட்டும் நாம் பூசுவது. எந்த அடர்த்திக்கு எந்த நிறம் என்பது வரைபவரின் தேர்வு. ஆகவே இரண்டு படங்களை ஒப்பிடும் முன் பக்கத்தில் இருக்கும் அளவுகோலைப் பாருங்கள். ஒன்று நேர் அளவிலும் மற்றொன்று மடக்கை அளவிலும் இருந்தால், ஒரே வட்டுகூட இரண்டு வேறு வட்டுகளாகத் தெரியும்.

கேள்வி: முதுகலை இயற்பியல் படிக்கிறேன். சாதாரண மடிக்கணினியில் வியாழன் போன்ற ஒரு கோளை வட்டில் வைத்து, அதன் பாதையில் வாயு விலகி இடைவெளி உண்டாவதைப் பார்க்க முடியுமா? என்னென்ன எண்கள் கொடுக்க வேண்டும்?

பதில்: தாராளமாக முடியும். இரு பரிமாணத்தில் செய்யுங்கள். அதாவது வட்டின் தடிப்பை அழுத்திவிட்டு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேலும் கீழும் சேர்த்து எத்தனை கிராம் என்ற பரப்படர்த்தியை மட்டும் வைத்துக்கொள்வது. இதற்கு ஃபார்கோ3டி என்ற இலவச நிரல் நல்ல தொடக்கம். ஒரு கோள், ஒரு வட்டு என்ற ஆயத்த அமைப்பு அதனுடனேயே வருகிறது.

முதலில் அலகு. கிலோகிராமும் மீட்டரும் வேண்டாம். விண்மீனின் நிறை 1, கோளின் சுற்றுப்பாதை ஆரம் 1, ஈர்ப்பு மாறிலி 1 என்று வையுங்கள். அப்போது கோளின் ஒரு சுற்று 2 பை, அதாவது 6.283 கால அலகு. ஓட்டி முடித்த பிறகு ஆரம் 1 என்பதை 5.2 வானியல் அலகு (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) என்று எடுத்துக்கொண்டால் வியாழனின் கதை. 50 என்று எடுத்துக்கொண்டால் வெளிவட்டின் கதை.

வட்டின் தடிப்பு விகிதம், அதாவது உயர அளவை (வாயு நடுத்தளத்திலிருந்து மேலே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது) ஆரத்தால் வகுத்தது, 0.05. பரப்படர்த்தி 0.000637. இந்த எண் விசித்திரமாகத் தெரியும், 0.002-ஐ பையால் வகுத்தது அது. சூரிய நிறை, 5.2 வானியல் அலகு என்று மாற்றினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 209 கிராம் வரும். வட்டு தன் சொந்த ஈர்ப்பால் உடையுமா என்பதை இங்கேயே சோதித்துவிடலாம். டூம்ரே எண் என்பது இந்த அலகில் 0.05 வகுத்தல் 0.002, அதாவது 25. அது 1-ஐ நெருங்கினால்தான் ஆபத்து. ஆகவே வட்டின் சொந்த ஈர்ப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். கோளின் நிறை விகிதம் 0.001.

அடுத்தது கட்டங்கள். ஆரத்தில் 0.4 முதல் 2.5 வரை எடுங்கள். கட்டங்களை மடக்கை இடைவெளியில் அடுக்கினால் உள்ளே சிறிதாகவும் வெளியே பெரிதாகவும், எல்லா இடத்திலும் ஏறக்குறைய சதுரமாகவும் அமையும். வட்டின் உயர அளவுக்குள் 8 கட்டங்களாவது இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. அதற்குச் சுற்றுத்திசையில் 1,024, ஆரத்திசையில் 300. மொத்தம் 3,07,200 கட்டங்கள். இரட்டைத் துல்லியத்தில் ஒரு அளவுக்கு 2.5 மெகாபைட்தான். அடர்த்தி, ஆற்றல், இரண்டு வேகங்கள் என நான்கையும் 100 முறை சேமித்தாலும் 1 ஜிகாபைட்டுக்குள் அடங்கும்.

நேரம்தான் விலை. ஒரு காலப்படியில் எந்தச் செய்தியும் ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிடக்கூடாது என்பது 1928-இல் கூராண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் சொன்ன நிபந்தனை. உள்விளிம்பில், ஆரம் 0.4-இல், கட்டத்தின் அளவு 0.00245, வாயு சுற்றும் வேகம் 1.58. பாதுகாப்புக்கு 0.5 பெருக்கினால், ஒரு சுற்றுக்கு சுமார் 8,100 படிகள் தேவைப்படும். 2000-ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் மாஸே ஒரு வழி கண்டார். ஒவ்வொரு வளையத்தின் சராசரிச் சுழற்சியைக் கணக்கிட்டு, அதை முழுக் கட்டங்களாக அப்படியே நகர்த்திவிட்டு, மீதியை மட்டும் கணக்குப் போடுவது. அப்போது படியின் அளவைத் தீர்மானிப்பது சுழல்வேகம் அல்ல, ஒலிவேகம். உள்விளிம்பில் அது 0.079 மட்டுமே. 8,100 படிகள் 400 ஆகக் குறைகின்றன. இந்த 20 மடங்கு தற்செயல் அல்ல. 1-ஐத் தடிப்பு விகிதமான 0.05-ஆல் வகுத்தால் வருவது. நிரலின் பெயரில் உள்ள ஃபார்கோ இந்த முறையின் பெயர்தான்.

1,000 சுற்றுக்கு 4 லட்சம் படிகள். அதை 3,07,200 கட்டங்களால் பெருக்கினால் 12,000 கோடிக்கும் மேல். கணினிச் செயலியின் ஒரு கோர் நொடிக்கு 10 லட்சம் கட்டங்களை நகர்த்துவதாக வைத்தால் சுமார் 34 மணி நேரம். நான்கு கோர்களில் பிரித்துப் போட்டால் ஓர் இரவும் விடியலும்.

பாகுநிலைக்கு, அதாவது வாயுவின் உள் உராய்வுக்கு, ஆல்ஃபா என்ற எண்ணை 0.001 என்று வையுங்கள்; அது என்ன என்பது பின்னால் வருகிறது. நிரல் ஆல்ஃபாவைக் கேட்காமல் பாகுநிலையை நேராகக் கேட்டால், ஆல்ஃபாவைத் தடிப்பு விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: 0.0000025. பல பழைய எடுத்துக்காட்டுகளில் 0.00001 என்று இருக்கும். அந்தப் பாகுநிலையில் வியாழன் நிறையுள்ள கோள் இடைவெளி திறப்பதற்கான விளிம்பில்தான் நிற்கிறது. திறக்கும், ஆனால் ஆழமாக இருக்காது. ‘என் இடைவெளி மேலோட்டமாக இருக்கிறதே’ என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

கேள்வி: ஓட்டிப் பார்த்தேன். வட்டு முழுவதும் வளைய வளையமாக அலை. கோளுக்கு வெளியே பெரிய சுழி ஒன்று நிற்கிறது. ஒரு முறை எண்களே வராமல் நின்றுவிட்டது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் சொல்வது மூன்று வேறு நோய்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோளை வைக்கும் முன்பே, முதல் சுற்றிலேயே வளைய அலைகள் வந்தால், தொடக்க வேகம் தவறு. வாயுவுக்கு அழுத்தம் உண்டு. உள்ளே அதிகம், வெளியே குறைவு. அந்த அழுத்தம் வாயுவை வெளியே தள்ளித் தாங்குவதால், கெப்ளர் விதி சொல்லும் வேகத்தைவிடச் சற்று மெதுவாகச் சுற்றினாலே போதும். உங்கள் வட்டில் அந்தக் குறைவு 0.125 சதவீதம். அற்பம் என்று விட்டுவிட்டுக் கெப்ளர் வேகத்தையே கொடுத்தால், வட்டு சமநிலை தேடி முன்னும் பின்னும் தளும்பும். கோளை வைக்காமல் 10 சுற்று ஓட்டுங்கள். அடர்த்தி அசையாமல் நின்றால்தான் கோளைச் சேர்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு இருபது நிமிடம் போதும். செய்யாமல் விட்டால் ஒரு வாரம் போகும்.

கோள் வந்த பிறகு அலைகள் விளிம்பில் மோதித் திரும்பி வந்து, சுருள்களை வெட்டிக்கொண்டு போகிறதா? அது எல்லை நிபந்தனையின் கோளாறு. உண்மையான வட்டுக்கு 0.4-இல் சுவர் கிடையாது. 0.4 முதல் 0.5 வரையும், 2.1 முதல் 2.5 வரையும் அலைதணிப்பு மண்டலம் வையுங்கள். அங்கே அடர்த்தியும் வேகமும் தொடக்க மதிப்பை நோக்கி மெல்ல மெல்ல இழுக்கப்படும். 2006-இல் பல நிரல்களை ஒரே கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில் எல்லோருக்கும் பொதுவாக வைத்த எல்லைகள் இவை. நிறைய குழுக்கள் இன்றும் இவற்றையே பின்பற்றுகின்றன.

சுழி விஷயம் சுவையானது, ஏனென்றால் அது பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். வியாழன் நிறையுள்ள கோளைத் திடீரென்று வைத்தால் வட்டுக்கு அது அடி விழுந்தது போல. இடைவெளியின் விளிம்பு கூர்மையாக எழுந்து, ராஸ்பி அலை நிலையின்மையால் உடைந்து சுழியாகும். கோளின் நிறையைச் சுழியத்திலிருந்து சைன் வர்க்க வளைவில் ஏற்றுங்கள். 10 சுற்றில் ஏற்றுவது வழக்கம். ஆனால் மெய்யான கோள் வளர ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஆகும். மைக்கேல் ஹாமர், கைட்லின் கிராட்டர், மின்-காய் லின் ஆகியோர் 2017-இல் கோளை மெதுவாக வளர்த்துப் பார்த்தபோது சுழி வலுவிழந்து, நீளமாக இழுபட்டு வந்தது. எனவே 10 சுற்று, 100 சுற்று, 1,000 சுற்று என்று மூன்று வேகத்தில் ஏற்றிப் பாருங்கள். மூன்றிலும் சுழி நின்றால் நம்பலாம்.

எண்கள் வராமல் நின்றதற்கு இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மென்மையாக்கல் நீளம். கோளின் ஈர்ப்பு அதன் மையத்தில் முடிவிலிக்குப் போய்விடும். அதைத் தடுக்கத் தூரத்தோடு ஒரு சிறு நீளத்தைச் சேர்க்கிறோம். இரு பரிமாணக் கணக்கில் அது உயர அளவில் 0.6 மடங்கு, அதாவது உங்களுக்கு 0.03. வட்டின் தடிப்பை நாம் அழுத்திவிட்டோமே, அந்தத் தடிப்பால் ஈர்ப்பு எவ்வளவு தளர்ந்திருக்கும் என்பதற்கு ஈடுசெய்யும் எண்ணும் இதுதான். ஆகவே கணினி தாங்குகிறதே என்று குறைக்காதீர்கள். குறைத்தால் கோள் செயற்கையாகப் பலம் பெறும். மற்றொன்று, இடைவெளியின் அடியில் அடர்த்தி மிகவும் குறைந்து எதிர்ம மதிப்புக்குப் போவது. அதற்கு ஒரு அடித்தளம் வைப்பார்கள். தொடக்க அடர்த்தியில் கோடியில் ஒரு பங்கு போல அது மிகக் கீழே இருக்க வேண்டும். இடைவெளியின் அடிமட்டம் தட்டையாக, உங்கள் அடித்தள மதிப்பிலேயே நின்றால், அது நீங்கள் வைத்த தரைதான். இடைவெளியின் ஆழம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விண்மீனை மையத்தில் நிறுத்திக் கணக்கிடுகிறோம். ஆனால் கோள் விண்மீனையும் இழுக்கிறது. மையமே முடுக்கத்தில் இருக்கிறது. அதற்கான மறைமுக விசையைச் சேர்க்க மறந்தால், வட்டு நூறு சுற்றுக்குப் பிறகு ஒரு பக்கமாகச் சாயும். ஆயத்த நிரல்களில் இது உண்டு. சொந்தமாக எழுதுபவர்கள்தான் அடிக்கடி மறக்கிறார்கள்.

கேள்வி: ஆல்ஃபா என்பது இயற்பியலா, இட்டுக்கட்டிய எண்ணா?

பதில்: தெரியாத ஒன்றுக்கு நேர்மையாக வைத்த பெயர். வட்டின் வாயு விண்மீனுக்குள் விழுகிறது. அப்படியென்றால் அதன் கோண உந்தத்தை ஏதோ ஒன்று வெளியே கொண்டுபோகிறது. வாயு மூலக்கூறுகளின் உராய்வு அதற்குப் பல கோடி மடங்கு போதாது. எனவே கொந்தளிப்புதான் காரணம் என்று எடுத்துக்கொண்டு, அதன் வலிமையை ஒலிவேகத்தையும் உயர அளவையும் பெருக்கி, அதில் ஒரு பங்கு என்று 1973-இல் ஷாகூராவும் சுன்யாயெவும் எழுதினார்கள். அந்தப் பங்குதான் ஆல்ஃபா. அவர்கள் எழுதியது கருந்துளை வட்டுகளுக்காக.

கொந்தளிப்பு எங்கிருந்து வருகிறது? சுழலும் திரவத்தில் மெல்லிய காந்தப்புலம் இருந்தால் அது நிலைகுலையும் என்பதை வெலிகோவ் 1959-இலும், நம் சுப்ரமணியன் சந்திரசேகர் 1960-இலும் கண்டறிந்தனர். இரண்டு உருளைகளுக்கு இடையே சுழலும் திரவத்துக்காகப் போட்ட கணக்கு அது. முப்பது ஆண்டுகள் வட்டுகளோடு அதை யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. 1991-இல் பால்பஸும் ஹாலியும் அதை விண்மீன் வட்டுக்குப் பொருத்தினார்கள். வட்டு ஆய்வின் பெரிய திருப்பம் அதுதான். ஆனால் முன்கோள் வட்டின் நடுப்பகுதி குளிர்ந்தது. அயனிகள் மிகக் குறைவு. காந்தப்புலம் வாயுவைப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. அந்தப் பகுதியைச் ‘செத்த மண்டலம்’ என்று கேமி 1996-இல் விளக்கினார்.

அவதானிப்பும் கொந்தளிப்பு மிக மெல்லியது என்றே காட்டுகிறது. எச்.டி. 163296 என்ற விண்மீனின் வட்டில் வாயுவின் தாறுமாறான அசைவு, ஒலிவேகத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே. எனவே 0.01 என்று பழைய பழக்கத்தில் வைக்காதீர்கள். 0.001, 0.0001 இரண்டுக்கும் ஓட்டுங்கள். 0.0001-க்குப் போகும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. கட்டங்கள் பெரிதாக இருந்தால் கணக்கு முறையே ஒரு போலிப் பாகுநிலையை உண்டாக்கும்; நீங்கள் கொடுத்ததைவிட அது பெரிதாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கட்டங்களை இரு திசையிலும் இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுவது. இரு பரிமாணத்தில் 8 மடங்கு நேரமாகும். இடைவெளியின் ஆழம் மாறாமல் இருந்தால் நல்லது. மாறினால் முதல் விடையைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: வெப்பநிலையை ஆரத்துக்கு இவ்வளவு என்று நிலையாக வைத்துவிட்டால் போதாதா? ஆற்றல் சமன்பாடு கணக்கை இழுத்தடிக்கிறது.

பதில்: பெரிய கோள், ஒரே இடைவெளி என்றால் போதும். சிறு கோள், குறைந்த பாகுநிலை, பல இடைவெளிகள் என்றால் போதாது. நிலையான வெப்பநிலை என்ற ஏற்பாட்டில் சுருள் அலை உள்நோக்கிப் போகும்போது செயற்கையாக வலுப்பெறுகிறது என்று மிராண்டாவும் ரஃபிகோவும் 2019-இல் காட்டினார்கள். இல்லாத வளையங்கள் தெளிவாகத் தெரியும். குளிர்வதற்கு ஆகும் நேரத்தை ஒரு எண்ணாகக் கொடுக்கும் எளிய முறையாவது சேருங்கள்.

கேள்வி: சிலியில் உள்ள ஆல்மா மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி பார்ப்பது தூசியை. நாம் கணக்கிடுவது வாயுவை. இரண்டும் ஒன்றாகத்தானே சுற்றும்?

பதில்: இல்லை, வட்டு ஆய்வில் எல்லாமே இந்த வேறுபாட்டில்தான் தொங்குகிறது.

வாயுவை அழுத்தம் தாங்குகிறது. தூசியைத் தாங்க எதுவும் இல்லை. எனவே தூசி கெப்ளர் வேகத்தில் ஓட விரும்புகிறது, சற்று மெதுவாகச் சுற்றும் வாயு எதிர்க்காற்றாக முகத்தில் அடிக்கிறது. கோண உந்தம் இழந்து உள்ளே விழுகிறது. பூமி இருக்கும் தூரத்தில் சுமார் ஒரு மீட்டர் அளவுள்ள கல்லுக்கு இந்த விழும் வேகம் உச்சம்: நொடிக்கு சுமார் 50 மீட்டர். 15 கோடி கிலோமீட்டரை இந்த வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 300 கோடி நொடி, அதாவது 95 ஆண்டு. ஒரு மனித ஆயுளில் அந்தக் கல் விண்மீனில் விழுந்துவிடும். 1977-இல் வைடன்ஷில்லிங் இந்தக் கணக்கை வைத்தபோது, கோள் எப்படித்தான் உருவாகிறது என்ற கேள்வி இன்னும் கடினமாயிற்று.

தூசி வாயுவோடு எவ்வளவு ஒட்டி ஓடுகிறது என்பதைச் சொல்வது ஸ்டோக்ஸ் எண். துகளின் அடர்த்தியையும் ஆரத்தையும் பெருக்கி, வாயுவின் பரப்படர்த்தியால் வகுத்து, 1.57-ஆல் பெருக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் துகள், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். பூமியின் தூரத்தில் பரப்படர்த்தி 1,700 என்றால் ஸ்டோக்ஸ் எண் 0.00014, வாயுவோடு ஒட்டியே போகும். வெளிவட்டில் பரப்படர்த்தி 5 என்றால் அதே துகளுக்கு 0.047; இப்போது அது வாயுவை விட்டு நழுவும். அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் போய்க் குவியும். வாயுவில் அந்த உச்சம் 20 சதவீதம்தான் என்றாலும் தூசியில் பளிச்சென்று வளையமாகத் தெரியும்.

நிரலில் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, ஸ்டோக்ஸ் எண்ணை நிலையாக வைப்பது. கோள் இடைவெளியைத் தோண்டும்போது வாயு குறைகிறது; அதே துகளின் ஸ்டோக்ஸ் எண் பத்து மடங்கு, நூறு மடங்கு ஏறும். துகளின் அளவை நிலையாக வைத்து, எண்ணை ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கிட வேண்டும். இரண்டாவது, சிறு துகள்கள். ஸ்டோக்ஸ் எண் 0.0001 உள்ள தூசி வாயுவின் வேகத்துக்கு வந்து சேர ஆகும் நேரம், நம் காலப்படியைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. இழுவிசையை நேரடி முறையில் கணக்கிட்டால் வேகம் முன்னும் பின்னும் எகிறி வெடித்துவிடும். உள்ளார்ந்த முறை, அதாவது படியின் முடிவில் இருக்கப்போகும் வேகத்தையே சமன்பாட்டில் வைத்துத் தீர்ப்பது, இங்கே கட்டாயம்.

மீட்டர் கல் விழும் சிக்கலுக்கு ஒரு விடை 2005-இல் கிடைத்தது. யூடினும் குட்மனும் கண்டறிந்த ஓடை நிலையின்மை அது: தூசி கூட்டமாகச் சேர்ந்தால் வாயுவையும் இழுத்துக்கொண்டு ஓடும், எதிர்க்காற்று குறையும், பின்னால் வருவதும் வந்து சேரும். அப்படித் திரண்ட மேகம் தன் ஈர்ப்பால் சுருங்கி நூறு கிலோமீட்டர் அளவுப் பாறைகளாகிறது. இதை உங்கள் 3,07,200 கட்டங்களில் தேடாதீர்கள். அது நடக்கும் அளவு உயர அளவில் இருபதில் ஒரு பங்கு. உங்கள் ஒரு கட்டமே எட்டில் ஒரு பங்கு. வட்டின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கணக்கிடும் பெட்டி முறையில்தான் அது பிடிபடும்.

கேள்வி: கணக்கில் வந்த அடர்த்தியை ஆல்மா படத்தோடு எப்படி ஒப்பிடுவது? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. அடர்த்தி வேறு, ஒளி வேறு. நடுவில் மூன்று கட்ட வேலை இருக்கிறது.

முதலில், அழுத்திய வட்டை மறுபடி உப்ப வைக்க வேண்டும். வாயு மேலும் கீழும் மணிவடிவத்தில் பரவியிருக்கும். தூசி அப்படி இல்லை, அடியில் படியும். தூசிப் படலத்தின் உயரம், வாயுவின் உயரத்தை ஒரு வர்க்கமூலத்தால் பெருக்கியது: ஆல்ஃபாவை, ஆல்ஃபாவும் ஸ்டோக்ஸ் எண்ணும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். ஆல்ஃபா 0.001, ஸ்டோக்ஸ் எண் 0.05 என்றால் 0.14 மடங்கு. எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனின் வட்டு சாய்வாக இருந்தும் அதன் இடைவெளிகள் நாலாபுறமும் ஒரே கூர்மையோடு தெரிகின்றன. தூசிப் படலம் தடித்திருந்தால் சாய்ந்த பக்கத்தில் இடைவெளி மங்கியிருக்கும். 100 வானியல் அலகு தூரத்தில் அதன் உயரம் சுமார் 1 வானியல் அலகுதான் என்று பென்ட்டும் குழுவினரும் 2016-இல் கணக்கிட்டது இந்தத் தடயத்தை வைத்து.

அடுத்து ஒளிக்கடத்தல். ராட்எம்சி-3டி என்ற இலவச நிரலில் விண்மீனிலிருந்து ஒளிப்பொட்டலங்களை எறிந்து, தூசி எங்கே எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கலாம். 10 லட்சம் பொட்டலத்தில் தொடங்குங்கள். வட்டின் நடுத்தளத்தில் வெப்பநிலை புள்ளி புள்ளியாக வந்தால் 1 கோடிக்கு ஏற்றுங்கள். மில்லிமீட்டர் ஒளி வருவதே நடுத்தளத்திலிருந்துதான். அங்கே இரைச்சல் இருந்தால் படம் முழுவதும் இரைச்சல். உள்விளிம்பின் முதல் கட்டம் தடித்திருந்தால் விண்மீனின் ஒளி முழுவதையும் அதுவே விழுங்கிவிடும்; அங்கே கட்டங்களை மிக நெருக்கமாக அடுக்குங்கள். முடிந்ததும் வந்த வெப்பநிலையை எடுத்து, வாயுக் கணக்கில் நீங்கள் வைத்த 0.05 தடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதைப் பலரும் பார்ப்பதில்லை. இரண்டு கணக்கும் இரண்டு வேறு வட்டைப் பற்றியதாக இருக்கும்.

கடைசியாக, தொலைநோக்கியின் கண்ணால் பார்ப்பது. 2014-இல் எச்.எல். டாரி படத்தின் பகுதிறன் 0.035 வில்விநாடி, 450 ஒளியாண்டு தூரத்தில் அது சுமார் 5 வானியல் அலகு. உங்கள் படத்தை அந்த அளவுக்கு மங்கலாக்குங்கள். மங்கலாக்குவதோடு நிற்காமல், ஆல்மா தரவைக் கையாளும் காசா மென்பொருளில் அதன் ஆன்டெனா அமைப்பைக் கொடுத்து, அவதானித்தது போலவே படத்தை மீட்டெடுப்பது இன்னும் நேர்மையானது. அழகான மெல்லிய சுழிகளும் சுருள்களும் இந்த இடத்தில் காணாமல் போகும்; மனம் தளர வேண்டாம். எஞ்சி நிற்பதை மட்டுமே ஒப்பிட முடியும்.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு இருண்ட இடைவெளியிலும் ஒரு கோள் இருக்கிறது என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. எச்.எல். டாரி படம் வந்த மறு ஆண்டே, 13, 33, 69 வானியல் அலகு தூரங்களில் வியாழனைவிடச் சிறிய மூன்று கோள்களை வைத்து டிபியெரோவும் குழுவினரும் அந்த வளையங்களை அருமையாக மீட்டுக் காட்டினார்கள். ஆனால் ஏ.எஸ். 209 என்ற விண்மீனின் வட்டைப் பாருங்கள். 2018-இல் ஜாங்கும் குழுவினரும் 99 வானியல் அலகில், விண்மீன் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குள்ள ஒரே ஒரு கோளை வைத்தார்கள். குறைந்த பாகுநிலையில் அது ஒன்றே ஐந்து இடைவெளிகளைத் திறந்தது. கோளே இல்லாமல் காந்தப்புலத்தாலும், வாயுக்கள் உறையும் பனிக்கோடுகளாலும்கூட வளையம் வரலாம்.

படம் ஒத்துப்போவது தேவை, ஆனால் அது ஆதாரம் ஆகாது. வேறு சாட்சி வேண்டும். கார்பன் மோனாக்சைடு வாயுவின் வேகத்தை அளந்தால், ஒரே வேகமுள்ள இடங்களை இணைக்கும் கோடு, கோள் இருக்கும் இடத்தில் ஒடிந்து தெரியும். எச்.டி. 163296-இல் 260 வானியல் அலகு தூரத்தில் ஏறத்தாழ இரண்டு வியாழன் நிறையுள்ள கோள் இருப்பதாக 2018-இல் சொன்னது அப்படித்தான். எல்லாவற்றிலும் பலமான சாட்சி, கோளையே படம் எடுப்பது. பி.டி.எஸ். 70 என்ற விண்மீனின் வட்டில், இடைவெளிக்குள் 2018-இல் ஒரு கோளும், 2019-இல் இரண்டாவதும் நேரடியாகத் தெரிந்தன. இரண்டாவது கோளைச் சுற்றி அதற்கென்றே ஒரு குட்டி வட்டு இருப்பதை 2021-இல் ஆல்மா உறுதி செய்தது. மாதிரியைச் சோதிக்க விரும்புபவர்கள் பி.டி.எஸ். 70-இல் தொடங்குவதே சரி. அங்கே கோள்களின் இடம் தெரியும், ஊகத்துக்கு வேலை குறைவு.

கேள்வி: ஏன் பத்து லட்சம் ஆண்டையும் முழுதாக ஓட்டுவதில்லை?

பதில்: வியாழன் தூரத்தில் 10 லட்சம் ஆண்டு என்றால் 84,000 சுற்று. மேலே சொன்ன 34 மணியை 84-ஆல் பெருக்கினால் நான்கு மாதம். தடிப்பையும் சேர்த்து 64 அடுக்கு வைத்தால் கட்டங்கள் ஏறத்தாழ 2 கோடி. எனவே நீண்ட காலத்துக்கு ஆரத்திசை மட்டும் உள்ள ஒரு பரிமாண நிரல்களையே பயன்படுத்துகிறார்கள். துகள்கள் மோதி ஒட்டுவதையும் உடைவதையும் சேர்த்துக் கணக்கிடும் டஸ்ட்பை அப்படிப்பட்டது. பைத்தான் தெரிந்தால் இன்றே நிறுவலாம்.

கேள்வி: இதற்காக விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

பதில்: கிராஃபிக்ஸ் கார்டில் ஃபார்கோ3டி என்விடியாவின் கூடா மொழியில் ஓடும், எனவே என்விடியா கார்டு மட்டுமே பயன்படும். விளையாட்டுக் கார்டுகளில் இரட்டைத் துல்லியக் கணக்கின் வேகம், ஒற்றைத் துல்லியத்தில் 32-இல் அல்லது 64-இல் ஒரு பங்குதான். ஆனாலும் இவ்வகை நிரல்களின் நேரம் பெரும்பாலும் நினைவகத்திலிருந்து எண்களை எடுத்து வைப்பதிலேயே போவதால், நடைமுறையில் இழப்பு அவ்வளவு இருக்காது. ஒற்றைத் துல்லியத்துக்கு மாற்றி ஓட்டவும் நிரலில் வழி உண்டு. கோள் இல்லாத வட்டு அசையாமல் நிற்கிறதா என்ற சோதனையை அதில் மறுபடி செய்யுங்கள். புதிதாகத் தொடங்குபவர் முதல் மூன்று மாதம் இருக்கும் மடிக்கணினியிலேயே 128-க்கு 384 கட்டத்தில் பழகட்டும். உயர அளவுக்கு 3 கட்டம்தான் வரும், ஆய்வுக்கு உதவாது. ஆனால் 100 சுற்று அரை மணிக்குள் முடிந்துவிடும். தவறுகளை அன்றைக்கே பார்த்து அன்றைக்கே திருத்தலாம்.